கோல்ட் வேக்ஸ் மீடியம்: ஒரு டப்பா முழுசா தீந்ததுக்கு அப்புறம் எழுதுறேன்

ரெண்டு நாள் யூஸ் பண்ணிட்டு சொல்ற விஷயம் இல்ல இது, அதான் இவ்ளோ நாள் கழிச்சு எழுதுறேன். ஆயில் பெயின்ட்ல சூடு பண்ணாம கலக்குற மெழுகுப் பசைதான் இது. தேன்மெழுகு, சால்வென்ட் (மெழுகக் கரைக்குற திரவம்), கொஞ்சம் ரெசின் (பிசின்), உள்ள இருக்கறது அவ்ளோதான், பாக்க வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆயில் பெயின்ட்டோட பாதிக்குப் பாதி குழைச்சா அந்த எண்ணெய்ப் பளபளப்பு போயி சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஒரு மங்கல் வரும். எனக்கு அந்த மங்கல்தான் உயிர்.

பிரஷ்ஷ விட பேலட் நைஃப், ரப்பர் ஸ்க்வீஜி (பெயின்ட்ட இழுத்து வழிக்குற ரப்பர் பட்டை), பழைய ஏடிஎம் கார்டு இதெல்லாம்தான் இதுக்கு சரி. நான் கீழ சிவப்பு போட்டு சில நாள் காயவிட்டு மேல சாம்பல் இழுத்தேன், அது பாதி இறுகுன பதத்துல கம்பியால ஒரு கீறு கீறுனேன், சாம்பல் சீவல் மாதிரி சுருண்டு வந்துச்சு, அடியிலருந்து சிவப்பு எட்டிப் பாத்துச்சு, ஓரத்துல எல்லாம் பிசிறு பிசிறா. என் ஸ்கெட்ச்ல அப்படி ஒரு கோடே கிடையாது! அன்னைக்கே ஸ்கெட்ச ஓரங்கட்டிட்டேன். இப்ப ஒவ்வொரு லேயருக்கும் இன்னும் கீறலாமா, சால்வென்ட் துணியால துடைக்கலாமா, கைய வைக்காம விடலாமான்னு போர்டையே பாத்துட்டு உக்காந்திருக்கேன், சில நாள் விடுறதுதான் சரியான பதில்.

குறைன்னா, முழுசா இறுக ரொம்ப நாள் ஆகும், அதுவரைக்கும் நகம் பட்டாலே தடம் விழும். கேன்வாஸ்ல கனமா போடவே போடாதீங்க, என்னோடது ஒண்ணு பின்னாடி லேசா அழுந்துனதுக்கே விரிசல் விட்டுருச்சு, மரப் பலகை மாதிரி வளையாத போர்டுதான் இதுக்கு. வாசனை இருக்கு, ஜன்னல தொறந்து வைங்க. எகிப்துல ஃபயூம் முகங்கள, அதான் மம்மி மேல வெச்ச முகப் படங்கள, ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே மெழுகுல வரைஞ்சாங்களே, அதுல நெறைய உருக்குன மெழுகு, அதே மாதிரின்னு நெனச்சு இத சூடு பண்ணிடாதீங்க, சால்வென்ட் இருக்கு, தீப்பிடிக்கும்.

நல்லா காஞ்சதும் மெல்லிய துணியால தேச்சா லேசா ஒரு மினுக்கு வரும், வார்னிஷ் தேவையில்ல.

ரெண்டாவது டப்பா வாங்கியாச்சு, இந்தத் தடவ பெரிய சைஸ்.