கேசிசான் கருவி: பிடிப்பதும் தப்பவிடுவதும்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இரண்டு சிபியுக்கள் ஒரே நினைவக முகவரியை லாக் (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு) எதுவும் இல்லாமல் ஒரே நேரத்தில் தொட்டு, ஒன்றாவது அதில் எழுதுவதைக் கண்டுபிடிக்கும் கேசிசான் (KCSAN) என்ற கருவி, 2020-இல் 5.8 பதிப்போடு கெர்னலில் சேர்ந்தது. இங்கே மொரிஷியஸில் மூன்றாம் நிலைச் சூறாவளி எச்சரிக்கை விடுக்கப்பட்டு, ரோஸ் ஹில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாளில்தான் இதை நிதானமாகச் சோதிக்க முடிந்தது. நடுவில் மின்சாரம் போய் கம்பைலேஷன் பாதியில் நின்றதைக் கருவியின் கணக்கில் எழுத மாட்டேன்.

கம்பைலர் ஒவ்வொரு நினைவக அணுகலிலும் ஒரு சோதனையைச் செருகிவிடுகிறது. இயல்பமைப்பில் ஏறத்தாழ 4000 அணுகல்களுக்கு ஒன்றைத் தேர்ந்து, அந்த முகவரியில் காவல் வைத்து, அதிகபட்சம் 80 மைக்ரோவினாடி காத்திருக்கிறது; அதற்குள் வேறொரு சிபியு அங்கே வந்தால் அகப்பட்டுக்கொள்ளும். காலியான பேஜ்களை (நினைவகத் துண்டுகளை) எண்ணும் ஒரு மாறியை வைத்து, கெர்னலில் ஏற்றும் சிறு மாட்யூல் எழுதி, இரண்டு த்ரெட்களை (இணையாக ஓடும் வேலைகளை) லாக் இல்லாமல் அதைக் கூட்டவிட்டேன். மோதிய இரண்டு ஃபங்ஷன்களின் பெயர்களும் சாய்கோட்டின் இருபுறமும் நிற்க, எந்த சிபியு, எத்தனை பைட், எந்த வழியாக வந்தது என்று இரு தரப்பு வாக்குமூலத்தையும் ஒரே அறிக்கையில் தந்தது. தவறு செய்தவன் ஒருவனை மட்டும் காட்டும் கருவிகளோடு பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

என் மனத்தாங்கல் இயல்பமைப்பைப் பற்றியது. ஒழுங்காக அமைந்த, ஒரு வேர்டுக்கு (சிபியு ஒரே வீச்சில் கையாளும் அளவுக்கு) மிகாத வெறும் எழுதல்கள் துண்டாகாது என்று அது நம்பிக்கொள்வதால், நினைவகத்தில் அத்தகைய இரண்டு எழுதல்கள் மோதினாலும் வாய் திறப்பதில்லை. கற்றுக்கொள்பவர் அந்த மௌனத்தை நற்சான்றாக எடுத்துக்கொள்வார். கண்டிப்பு முறையை இயக்கிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள். கெர்னல் மந்தமாவதால் இதை சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதைவிட முக்கியமானது, லாக் சரியாகப் போட்டும் நேரும் ரேஸ் கண்டிஷன் (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை) இதன் கண்ணுக்குத் தப்பக்கூடும் என்பது. கோவிலில் ஏழு கறி பந்தியை நினைத்துப் பாருங்கள். இலை போட்டாயிற்று என்று பார்த்துவிட்டு ஒருவர் சோற்று வாளி எடுக்கப் போகிறார். அதற்குள் இன்னொருவர் அந்த இலையை எடுத்துவிடுகிறார். திரும்பி வந்தவர் பாராமல் பரிமாற, சோறு தரையில் விழுகிறது. 2007-இல் 2.6.22 பதிப்போடு நுழைந்து 2016-இல் அம்பலமான டர்ட்டி கௌ பிழை இதேதான். படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் பேஜில் எழுத முற்பட்டால் கெர்னல் தனி நகல் எடுக்கும். நகல் எடுத்ததும் எழுதும் நோக்கத்தைக் குறிக்கும் கொடியை இறக்கிவிடும். அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் நகலை வீசிவிட்டால், மறு முயற்சியில் அசல் பேஜே கைக்கு வந்து, எழுதுவதும் அதிலேயே விழும். இரு தரப்பும் அன்று எம்மேப் செமஃபோர் எனப்பட்ட லாக்கை, பலரும் ஒன்றாக வைத்திருக்கக்கூடிய பகிர்வு முறையில் முறைப்படியே வைத்திருந்தன. லாக்குகளை எடுக்கும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப்பும், வரிசை மீறல் இல்லாத இந்த இடத்தில் குறை சொல்லாது. எழுதும் கொடியை இறக்காமல், நகல் எடுத்ததைத் தனிக் கொடியில் குறித்துவைத்துச் சரிபார்க்கும்படி மாற்றிய திருத்தம், மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது.