ஆர்சி30ஆ, ஓடபிள்யூ01ஆ?

1988இல் உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப் என்ற பைக் ரேஸ் தொடர் தொடங்கியபோது அடிப்படையான நிபந்தனை ஒன்று இருந்தது. களத்தில் இறக்கும் வண்டியை ஷோரூமிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் விற்றாக வேண்டும். அதற்காக ஹோண்டா விற்ற வண்டி விஎஃப்ஆர்750ஆர். எல்லோருக்கும் ஆர்சி30 என்றால்தான் தெரியும். 1989இல் யமஹா பதிலுக்கு இறக்கியது எஃப்இசட்ஆர்750ஆர், ஓடபிள்யூ01. இரண்டுமே நம்பர் பிளேட் மாட்டிய ரேஸ் வண்டிகள். இங்கிலாந்தில் இரண்டும் எப்போதாவது விற்பனைக்கு வரும். எனக்கு ஒரே சமயத்தில், அதிக வித்தியாசமில்லாத விலையில் இரண்டும் வந்து வாய்த்தன. நான் ஹோண்டாவை எடுத்தேன். அதனால் கீழே இருப்பதில் ஹோண்டா பக்கம் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எண்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆர்சி30இல் 748 சிசி வி4 என்ஜின் (வி வடிவில் நான்கு சிலிண்டர்), 16 வால்வு, ஐரோப்பிய வண்டியில் சுமார் 112 குதிரைத்திறன். ஓடபிள்யூ01இல் 749 சிசி, வரிசையாக நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் 20, சுமார் 121 குதிரைத்திறன். இரண்டிலும் டைட்டானியம் கனெக்டிங் ராட், இரண்டிலும் ஒற்றை சீட். புதிதாக விற்றபோது இங்கிலாந்தில் ஹோண்டா ஏறக்குறைய 8,500 பவுண்ட், யமஹா 12,700 பவுண்ட். காகிதத்தில் யமஹாதான் ஒரு படி மேல். பின்பக்கம் ஓலின்ஸ் கம்பெனியின் ஷாக் அப்சார்பர் வேறு.

களத்துச் சாதனையை வைத்து முடிவெடுக்கலாம் என்றால் அங்கே ஹோண்டாவுக்குத்தான் கனம் அதிகம். ஃப்ரெட் மெர்க்கல் 1988, 1989 இரண்டு ஆண்டும் சூப்பர்பைக் பட்டம் வென்றது ஆர்சி30இல். ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடி ரேஸில் 1989இல் ஸ்டீவ் ஹிஸ்லாப் சராசரி 120 மைல் வேகத்தைத் தாண்டிய முதல் சுற்றைப் போட்டதும் இதே வண்டியில்தான். யமஹாவை மட்டம் தட்ட முடியாது. 1992 சீனியர் டிடியில் நார்ட்டன் பைக் ஓட்டிய ஹிஸ்லாப்பிடம் தோற்றாலும், கார்ல் ஃபோகார்ட்டி தன் யமஹா 750இல் சராசரி 123.61 மைல் வேகத்தில் போட்ட சுற்று 1999 வரை யாராலும் உடைக்க முடியாமல் நின்றது. ஆனால் இதெல்லாம் டீ குடித்துக்கொண்டே பேச நன்றாக இருக்கும். வாங்குகிறவனுக்கு இதனால் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது.

ஓட்டிப் பார்த்த வரைக்கும் சொல்கிறேன். ஆர்சி30இல் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது செயின் இல்லை, பல்சக்கரங்கள். ஸ்டார்ட் செய்ததுமே டேங்குக்கு அடியிலிருந்து ‘வீய்ய்’ என்று மெல்லிய கீச்சொலி ஒன்று கிளம்பும். அதற்கு மேலே சைலன்சரின் கரகரத்த உறுமல். முதன்முறை கேட்கிறவர் என்ஜினில் ஏதோ தேய்கிறது என்று பயந்துபோவார். அப்புறம் அந்த முதல் கியர். இங்கே மோட்டார்வேயின் 70 மைல் வரம்பை அதிலேயே தாண்டிவிடலாம், அவ்வளவு நீளம். அதனால் ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சைப் பாதி பிடித்தபடியே நகர்த்த வேண்டும். இடது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். வளைந்து நெளியும் கிராமத்துச் சாலைக்கு வந்துவிட்டால் வண்டியின் குணமே வேறு. கைப்பிடியைத் திருப்பக்கூட வேண்டாம், பார்க்கிற பக்கம் போகும்.

ஓடபிள்யூ01ஐ நான் ஒரு மதிய நேரம் ஓட்டியதோடு சரி. அதை வைத்துத் தீர்ப்பு சொன்னால் நியாயமில்லை. முன்பக்கம் கனமாக, உறுதியாகப் பதிந்து நின்றது. என்ஜின் கீழே சாதுவாக இருந்து, மேலே போகப் போக முறுக்கேறியது. ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு யமஹாவே பிடிக்கலாம்.

நான் முடிவெடுத்தது வேகத்தாலோ சத்தத்தாலோ இல்லை. ஸ்பேர் பார்ட்ஸால்.

ஓடபிள்யூ01 உலகத்துக்கே 500 வண்டிதான் செய்தார்கள். அதில் கணிசமானவை நேரே களத்துக்குப் போனவை. விழுந்தன, உடைந்தன, ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட்டார்கள். பெயரில் அண்ணன் தம்பியாக இருந்தாலும் அதே காலத்து எஃப்இசட்ஆர்1000இன் பாகத்தை வாங்கி இதில் மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முக்கியமான இடங்களில் ஒத்துவராது. எக்ஸாஸ்டுக்குள் எக்ஸப் என்ற திறந்து மூடும் வால்வு ஒன்று உண்டு. சின்ன மோட்டார் ஒன்று கேபிளை இழுத்து அதைத் திருப்பும். வண்டி ஓடாமல் ஷெட்டில் கிடந்தால் கரியும் துருவும் சேர்ந்து அது இறுகிப்போகும். நான் பார்க்கப் போன வண்டியில் இக்னிஷனைப் போட்டதும் அந்த மோட்டார் முனகியது, கேபிள் நூலளவுகூட நகரவில்லை. விற்றவர் “சும்மா எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்” என்றார். ஆகலாம். ஆகாவிட்டால் அந்த எக்ஸாஸ்டை எங்கே போய்த் தேடுவது? வால்வு இடைவெளி சரிசெய்ய 20 வால்வுக்கும் ஷிம் என்ற மெல்லிய உலோக வில்லையை அளந்து, மாற்ற வேண்டியதற்குக் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். ஹோண்டாவிலும் கேம்ஷாஃப்டைக் கழற்றத்தான் வேண்டும், ஆனால் நான்கு வால்வு குறைவு.

ஹோண்டா பக்கம் நிலைமை வேறு. செய்ததே சில ஆயிரம் வண்டிகள். அதனால் பழைய பாகம் கைமாறும் சந்தை கொஞ்சம் பெரியது. அதைவிட முக்கியமானது, 2020இல் ஹோண்டாவே ‘ஆர்சி30 ஃபாரெவர்’ என்று ஒரு திட்டத்தை அறிவித்து, எப்போதோ நிறுத்திவிட்ட பாகங்களில் பலவற்றை மறுபடி செய்ய ஆரம்பித்தது. முப்பது ஆண்டுக்கு முந்தைய வண்டிக்கு, செய்த கம்பெனியே பெட்டியில் போட்டுப் புதுப் பாகம் தருவதென்றால் அது பெரிய விஷயம். விலை? கேட்காதீர்கள். ஆனால் காசு கொடுத்தால் கிடைக்கும் என்பதும், காசு கையில் இருந்தும் கிடைக்காது என்பதும் ஒன்றா? எல்லாப் பாகமும் பட்டியலில் இல்லை. அதனால் வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே, குறையிருக்கும் என்று சந்தேகப்படும் பாகத்தின் எண்ணை வைத்து விசாரித்துவிடுங்கள்.

ஹோண்டாவிலும் தலைவலி இல்லாமல் இல்லை. பின் சக்கரம் 18 அங்குலம். இன்றைய நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் எல்லாம் 17க்குத்தான் வருகிறது. கிடைப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். யமஹாவில் முன்னும் பின்னும் 17, அந்தக் கவலை இல்லை. வி4 என்பதால் கார்புரேட்டர்கள் நான்கும் இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவே புதைந்து கிடக்கும். கழற்றி மாட்டுவதற்குள் விரல் முட்டியெல்லாம் உரிந்துவிடும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் ஆகாது என்பதால் எத்தனால் குறைந்த, விலை கூடிய ஈ5தான் ஊற்றுகிறேன். இது இரண்டு வண்டிக்கும் பொது.

எதை வாங்கினாலும் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பாருங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையிலும் பிரேக் கேலிப்பர் போல்ட்களிலும் ஊசி நுழையும் அளவுக்குத் துளை இருந்தால், ஒரு காலத்தில் ரேஸுக்காக, போல்ட் கழன்றுவிடாமல் அங்கே பாதுகாப்புக் கம்பி கட்டியிருந்தார்கள் என்று அர்த்தம். அதாவது வண்டி களம் கண்டது. அது குற்றமில்லை, “சண்டே மட்டும்தான் ஓட்டினேன்” என்று சொல்லிவிட்டு அந்தத் துளை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒரிஜினல் ஃபேரிங்கும் (வண்டியின் வெளி உறை) சைலன்சரும் கூட வருகிறதா என்று கேளுங்கள். களத்துக்குப் போனவர்கள் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஃபைபர் போட்டு ஓட்டியிருப்பார்கள். பல நேரம் புதுசு போல அப்படியே இருக்கும். ஆர்சி30 ஜப்பானிலிருந்து இறக்குமதியானதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே விற்றது 77 குதிரைத்திறனுக்கு அடக்கப்பட்ட வண்டி, ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டரில் இருக்கும். மறுவிற்பனையில் ஐரோப்பிய வண்டிக்குக் கிடைக்கிற விலை அதற்குக் கிடைக்காது.

மறுவிற்பனை என்றதும் ஒன்று. 500தான் செய்தார்கள் என்பதால் நாளைக்கு ஓடபிள்யூ01 ஹோண்டாவை முந்திவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. முந்தலாம். வண்டியை ஹாலில் நிறுத்தி அழகு பார்க்கிறவருக்கு அது நல்ல கணக்கு. ஓட்டுகிறவர் என்றால், முழு ஒரிஜினலாக, எக்ஸப் சுதந்திரமாகச் சுழல்கிற, கூடவே ஒரு பெட்டி ஸ்பேர் வருகிற ஓடபிள்யூ01 கிடைத்தால் மட்டும் எடுங்கள். அந்தப் பெட்டிக்காகக் கூடுதலாக இரண்டாயிரம் பவுண்ட் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.