ஒரே இலக்கத்தில் இரண்டு கட்டடங்களுக்குச் சக்திச் சேமிப்புச் சான்றிதழ்: வன்னியில் கடை, விடுதி, மண்டபம் நடத்துவோர் கவனத்துக்கு

கடந்த மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மாங்குளத்துக்குப் போயிருந்தபோது, மண்டபத்தின் வரவேற்பு மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய ஒரு சான்றிதழைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஏழு அம்புகள், வலது மூலையில் பொன்னிற முத்திரை, கீழே யாருடையது என்று வாசிக்க முடியாத கையொப்பம் என எல்லாமே என் கட்டடத்தில் தொங்குவதைப் போலவே இருந்தன. கைத்தொலைபேசியிலிருந்த படத்தை எடுத்து ஒப்பிட்டேன். சான்றிதழ் இலக்கமும் அதுவேதான். உரிமையாளரின் பெயரும் முகவரியும் மட்டுமே வேறாக இருந்தன.

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக எனக்கு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. மீள்குடியேறி வந்த பின்னர் வங்கிக் கடனும் மனைவியின் நகைகளும் சேர்ந்து எழுப்பிய கட்டடம் அது. கீழே மூன்று கடைகளும் மேலே ஓர் அலுவலகமும் சிறிய கூட்ட மண்டபமும் இருக்கின்றன. மின்கட்டணத்தையும் உள்ளடக்கியே வாடகையைப் பேசியிருந்தேன். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதமும் உயர்ந்தபோது, அந்த ஒப்பந்தம் என் கழுத்தை இறுக்கத் தொடங்கியது. இந்தச் சான்றிதழை விற்க வந்த இருவரும் என் நிலையை அறிந்தே வந்தார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கொழும்பிலிருந்து வருவதாகச் சொன்ன அந்த இருவரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். சக்திச் சான்றிதழ் இல்லாத வணிகக் கட்டடங்களை இனி வாடகைக்கு விட முடியாது என்றும், சான்றிதழ் இருந்தால் வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்றும், தங்கள் கருவியைப் பொருத்தினால் மின்பட்டியல் 24 சதவீதம் குறைவது உறுதி என்றும் சொன்னார்கள். கருவிக்கும் சான்றிதழுக்குமாக 385,000 ரூபாய் கேட்டார்கள். அதைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் தொகையும் திகதியும் மட்டுமே இருந்தன. எந்தச் சேவைக்காக அந்தப் பணம் பெறப்பட்டது என்ற விவரம் அதில் இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

என்னை நம்ப வைத்தது அவர்களுடைய பேச்சு அல்ல, கண்ணால் கண்ட ஒரு காட்சி. பிரதான மின்பலகையருகே நின்று, ஒரு கம்பியைச் சுற்றிக் கவ்வுமானியை மாட்டி, திரையில் 23 அம்பியர் ஓடுவதைக் காட்டினார்கள். பின்னர் தாங்கள் கொண்டுவந்த சாம்பல் நிறப் பெட்டியின் ஆளியைப் போட்டதும் அந்த எண் 19க்கு இறங்கியது. ஆளியை நிறுத்தினால் மீண்டும் 23. மூன்று தடவை இப்படிச் செய்து காட்டினார்கள். என் கண் முன்னால் இறங்கிய எண்ணை நான் எப்படிச் சந்தேகிப்பது?

இதே வித்தை வேறு கடைகளிலும் காட்டப்படக்கூடும் என்பதால் அதன் உட்பொருளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பின்னர் எங்கள் பகுதியில் வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே மூன்று கொள்ளளவிகளும், அதாவது வயரிங் செய்பவர்கள் கப்பாசிற்றர் என்று சொல்லும் பொருளும், ஒரு பச்சை விளக்கும் மட்டுமே இருந்தன. மோட்டார், பழைய வகைக் குளிரூட்டி போன்றவை வேலைக்குப் பயன்படும் மின்சாரத்தோடு, வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்த் திரும்பும் ஒரு மின்னோட்டத்தையும் இழுக்கின்றன. கொள்ளளவி அந்தப் பகுதியை அருகிலிருந்தே ஈடு செய்துவிடுவதால் வலுக்காரணி, அதாவது இழுக்கப்படும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு, உயர்ந்து, கம்பியில் ஓடும் அம்பியர் குறைகிறது. ஆகவே அவர்கள் காட்டிய 19 பொய்யான எண் அல்ல. ஆனால் என்னுடையது 42 கேவிஏக்கு (இணைப்பின் கொள்திறனைக் குறிக்கும் அலகு) உட்பட்ட, பொது நோக்கம் 1 என்ற பிரிவைச் சேர்ந்த இணைப்பு. அந்தப் பிரிவில் நிலையான கட்டணத்தைத் தவிர்த்தால் அலகுகளுக்கு மட்டுமே பணம் அறவிடப்படுகிறது. வேலைக்குப் பயன்பட்ட மின்சாரத்தையே மின்மானி அலகாக எண்ணுகிறது. கொள்ளளவி அதைக் குறைப்பதில்லை. 42 கேவிஏக்கு மேற்பட்ட பெரிய இணைப்புகளில் உச்சக் கேள்விக்கு, அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் இழுக்கப்படும் மிகக் கூடிய அளவுக்கு, கேவிஏ கணக்கிலும் கட்டணம் வருவதால், அங்கே முறையாகக் கணக்கிட்டுப் பொருத்தப்படும் கொள்ளளவித் தொகுதியால் உண்மையான பயன் உண்டு. பொருளைக் குறை சொல்ல முடியாது. எனக்கு எவ்விதத்திலும் பயன்படாத இடத்தில் அதை விற்றதுதான் மோசடி.

பெட்டி பொருத்தப்படுவதற்கு முன்னர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2,900 அலகுகள் ஓடின. பின்னர் வந்த மூன்று பட்டியல்களிலும் முறையே 2,870, 2,940, 2,910 அலகுகள் இருந்தன. முதலாவது பட்டியல் வந்ததுமே தொலைபேசியில் கேட்டேன். “அண்ணை, கருவி பழகுவதற்குக் கொஞ்சம் காலம் எடுக்கும், மூன்று பில் வரும்வரை பொறுங்கோ” என்று பதில் வந்தது. பொறுத்தேன். நான்காவது மாதத்தில் அந்த இலக்கத்தில் எவரும் பதிலளிக்கவில்லை.

இந்த மூன்று மாதப் பொறுமைதான் எனக்குப் பெரிய இழப்பாகிவிட்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். நான் அந்த அதிகாரசபையிடம் போனபோது பதினாறு வாரங்கள் கடந்திருந்தன. “மூன்று பில்” என்ற சொல் பெட்டியை விற்றவர்கள் வாயில் தற்செயலாக வந்ததென்று என்னால் நம்ப முடியவில்லை. பொலிசிலும் முறைப்பாடு செய்திருக்கிறேன். பற்றுச்சீட்டிலிருந்த முகவரியில் அப்படியொரு நிறுவனம் இல்லை என்பதற்கு மேல் இதுவரை எதுவும் தெரியவரவில்லை.

சான்றிதழின் கதையை எனக்கு விளக்கியவர் லண்டனில் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி. படத்தை அனுப்பிய சில நிமிடங்களுக்குள் அவர் அழைத்து, “அத்தான், இந்த அம்புப் படம் எங்கட நாட்டுப் படம், அங்கே எப்படி வந்தது?” என்று கேட்டார். இங்கிலாந்திலும் வேல்சிலும் கட்டடங்களுக்கு ஏயிலிருந்து ஜீ வரை சக்தித் தரம் வழங்கப்படுகிறது. அந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 2018 ஏப்ரல் 1 முதல், சில விலக்குகளைத் தவிர, எஃப், ஜீ தரத்திலுள்ள வணிகக் கட்டடங்களைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. என்னிடம் சொல்லப்பட்ட “வாடகைக்கு விட முடியாது” என்ற பயமுறுத்தல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் சொன்னார். அங்கே வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும்; எவரும் முகவரியைக் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். தன் கடையின் சான்றிதழை அவர் அந்த நேரத்திலேயே எடுத்து எனக்கு அனுப்பினார். என்னுடையதை எங்கே தேடுவது?

என் சான்றிதழின் அடியில் ஐ.எஸ்.ஓ. 50001 என்றும் அச்சிட்டிருந்தார்கள். அது ஒரு நிறுவனம் தன் சக்திப் பாவனையை எவ்வாறு நிர்வகிக்கிறது என்பதற்கான நியமம்; கட்டடத்துக்குத் தரம் போடும் முறையன்று. சர்வதேச நியமங்களை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு தானே எவருக்கும் சான்றிதழ் வழங்குவதுமில்லை. உண்மையான கட்டடச் சான்றிதழ்கள் நம் நாட்டிலும் உண்டு. இலங்கை பசுமைக் கட்டடப் பேரவை தன் தர முறையின் கீழ் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று வழங்குகிறது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்தின் எட்ஜ் முறையில், சக்தி, நீர், கட்டடப் பொருட்களை உருவாக்குவதில் வெளியாகும் காபன் ஆகிய மூன்றிலும் குறைந்தது 20 சதவீதச் சேமிப்பைக் காட்ட வேண்டும். அதைச் சரிபார்க்கத் தனியானதொரு கணக்காய்வாளர் வருவார். கருவி விற்றவரே அளந்து, அவரே தரமும் போட்டு, அன்றைக்கே கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் முறை இவற்றில் எதிலும் இல்லை.

பின்னர், 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்ற சக்திக் கணக்காய்வாளர் ஒருவரை அழைத்தேன். அவர் முதலில் கேட்டது பணத்தை அல்ல, பன்னிரண்டு மாத மின்பட்டியல்களை. மின்பலகையில் பதிவுக் கருவியைப் பூட்டி ஒரு வாரம் அப்படியே விட்டார். மத்தியானத்தில் கூரைக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்க எதுவுமே இல்லை என்று சொல்லி இறங்கினார். வன்னி வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஐந்து குளிரூட்டிகளை ஓடவிட்டுக்கொண்டு, சேமிப்பைச் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் நான் தேடியிருக்கிறேன். கூரை வேலையைச் செய்வதற்கு இப்போது கையில் பணமில்லை.

மாங்குளம் மண்டப உரிமையாளரை மறுநாளே போய்ச் சந்தித்தேன். அவருக்கும் “மூன்று பில் வரட்டும்” என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பெட்டி பூட்டி ஏழு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அன்று பிற்பகல் அவருடைய மேசையில் இருந்தே இரண்டு சான்றிதழ்களின் பிரதிகளையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதே முத்திரையோடு ஒரு சான்றிதழ் உங்களிடம் இருந்தால், பெட்டி பூட்டிய திகதியை முதலில் பாருங்கள். மூன்று மாதம் முடியவில்லையென்றால் அடுத்த பட்டியலுக்காகக் காத்திராமல் இன்றே எழுதுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். என் சான்றிதழின் பிரதியும் கொள்ளளவிப் பெட்டியும் என்னிடமே இருக்கின்றன. உங்கள் முறைப்பாட்டோடு இணைப்பதற்குத் தேவைப்பட்டால் தருவேன்.