வெள்ளெழுத்து வந்த பிறகு கிண்டில் பேப்பர்வைட்டில் தமிழ் வாசிப்பு

அமேசான் விற்கும் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் பேப்பர்வைட் பற்றி நான் பார்த்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் புத்தகம் படிக்கிறவர்கள் எழுதியவை. நான் அதிகம் படிப்பது தமிழ். தடித்த நாவல், பழைய உரைநூல், கவிதை, உள்ளூர் வரலாறு என்று கலந்து படிப்பேன். அதனால் இந்தக் கருவி தமிழ் வாசகருக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: உரைநடை படிக்க இப்போது நான் முதலில் எடுப்பது இதைத்தான். செய்யுள் படிக்க இன்றும் தாள்தான்.

என்னிடம் இருப்பது 2021-ல் வந்த பதினோராம் தலைமுறை. திரை 6.8 அங்குலம், எடை 205 கிராம், வெளிவந்தபோது விலை 13,999 ரூபாய். 2024-ல் 7 அங்குலத் திரையோடு அடுத்தது வந்துவிட்டது. ஆனால் நான் சொல்லப்போகும் விஷயங்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

பாளையங்கோட்டையில் இருக்கிறேன், பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில்தான் அட்டை போடுவார்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டு செய்ய அனுப்புவார். அந்தத் தொகுதிகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. கதைக்கு நடுவே வரும் ஓவியம், பக்கத்து விளம்பரம், பைண்டரின் தையல் எல்லாமே எனக்கு அந்தக் கதையோடு சேர்ந்தவை. அவை எந்த மின்னூலிலும் வராது. இப்படி வளர்ந்தவள் திரைக்கு வந்தது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை.

2020 ஊரடங்கில் நூலகம் மூடியபோது கைபேசியில் படிக்க ஆரம்பித்தேன். மதுரைத் திட்டம் அப்போது பெரிய உதவி. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது அது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். ஆனால் கைபேசியில் அரை மணி நேரம் படித்தாலே கண்ணில் நீர் வந்துவிடும். பாதிப் பக்கத்தில் ஏதாவது செய்தி வந்து குறுக்கே நிற்கும். மகள்தான், "அம்மா, படிக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்கு, அதுல படிச்சுப் பாரு" என்று இதை வாங்கி அனுப்பினாள். முதலில் ஆங்கிலம் மட்டும் படித்தேன், பிறகு இலவசத் தமிழ் நூல்கள். அப்புறம்தான் காசு கொடுத்துத் தமிழ் மின்னூல் வாங்க ஆரம்பித்தேன்.

என்னை மாற்றியது எழுத்தின் அளவு. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். சிறிய அச்சில் தமிழ் படிக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'க'வா 'க்'கா என்று தெரியாமல் வரியை இரண்டாவது முறை படிக்க வேண்டும். அடுத்து சுழி. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், மங்கிய அச்சில் இரண்டும் ஒன்றாகிவிடும். பக்கத்தைக் குறைக்க எழுத்தைச் சுருக்கி அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் என் பீரோவில் நிறைய. அவற்றைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. இந்தத் திரையில் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கினாலும் சுழியும் கொம்பும் கூர்மையாக நிற்கின்றன. கண்ணுக்குப் பயந்து ஒதுக்கி வைத்திருந்த ஆயிரம் பக்க நாவல்களை மறுபடி எடுத்தது இதனால்தான். மணிக்கட்டும் வலிப்பதில்லை. கெட்டி அட்டை போட்ட அத்தகைய நாவலைப் படுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், 205 கிராமின் அருமை தெரியும்.

கைபேசித் திரையிலிருந்து இது வேறுபடுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். இது மின்மை (E Ink) என்ற தொழில்நுட்பம். கண்ணுக்குத் தெரியாத குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. மின்னூட்டத்துக்கு ஏற்ப ஏதோ ஒன்று மேலே வருகிறது. வந்தது அப்படியே நிற்கும், பக்கம் மாறும்போதுதான் அதற்கு மின்சாரம் தேவை. அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. விளக்கும் திரையின் ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல் விழுகிறது, கண்ணை நோக்கி அடிப்பதில்லை. வெளிச்சத்தை மஞ்சளாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ராத்திரி கரண்ட் போனாலும் படிப்பு நிற்பதில்லை. நல்ல வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தால் தாளைப் போலவே தெரிகிறது.

சரி, செய்யுளுக்கு வருவோம். குறளின் முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். எழுத்தை என் கண்ணுக்கு வேண்டிய அளவு பெரிதாக்கினால் நான்காம் சீர் அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. குறள் மூன்று வரியாக, சில சமயம் நான்கு வரியாக நிற்கிறது. பொருள் மாறவில்லைதான். ஆனால் ஒரு குறளை மனத்தில் வைத்துக்கொள்வதே அந்த நான்கும் மூன்றும் கண்ணில் பதிவதால்தான். திரையைப் படுக்கை வாட்டில் திருப்பினால் குறள் சரியாகிவிடும், விருத்தம் ஆகாது. நீளமான சீர்கள் வரும் பாட்டில் அடி எங்கே முடிகிறது என்பதே தெரிவதில்லை. அதற்கு மேல் உரைநூல் என்றால் பாட்டு, பதவுரை, கருத்துரை, அடிக்குறிப்பு என்று நான்கையும் ஒரே பார்வையில் வைக்கத் தாளின் அகலம் வேண்டும். குறை கருவியுடையது என்று சொல்ல மாட்டேன், எழுத்து அளவுக்கு ஏற்ப வரி ஓடும் எந்த மின்னூலிலும் இதுதான் நிலை.

வருடிய பிடிஎஃப்புகளும் அப்படியே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டத்திலும் கிடைக்கும் பழைய நூல்கள் பக்கத்தைப் படமெடுத்தவை. அவற்றில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். 6.8 அங்குலத்தில் இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் படிப்பது வேதனை. அவற்றுக்குப் பெரிய டேப்லெட்டோ கணினியோதான் சரி.

இன்னொன்றை மின்னூல் வெளியிடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். காசு கொடுத்து வாங்கிய நூலிலேயே கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருந்தால் எப்படிப் படிப்பது? 'காலம்' என்பது 'கரலம்' என்று வருகிறது. அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து எந்திரம் எழுத்தாக மாற்றிக் கொடுத்ததை மனிதர் ஒருவர் படித்துத் திருத்தாமல் விட்டதன் விளைவு இது. தாளில் மெய்ப்புப் பார்க்க ஆள் வைக்கும் பதிப்பகம் மின்னூலுக்கும் வைக்க வேண்டும், வாசகர் இரண்டுக்கும் பணம் கொடுக்கிறார்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மின்னூலுக்கு நாம் கொடுக்கும் பணம் படிக்கும் உரிமத்துக்குத்தான், நூல் நம் சொத்து ஆவதில்லை. 2009-ல் ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்கள் சிலவற்றை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கருவிகளில் இருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்தியது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதல் முறை மின்னூலில் படிப்பேன். இது இன்னும் பத்து ஆண்டு கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் நெல்லைப் புத்தகத் திருவிழாவில் அச்சுப் பிரதி வாங்கிவிடுவேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கவும், முதல் பக்கத்தில் பெயரெழுதிப் பேத்திக்கு வைக்கவும் அதுதான் ஆகும். முன்பு போலக் கண்டதை எல்லாம் வாங்குவதில்லை, வாங்குவதை நல்ல பைண்டிங்கில் வாங்குகிறேன்.

வீட்டுப் பெரியவர்களுக்காக வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியோடு கையில் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கணக்கைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளை இடப்பக்கமாக மட்டும் சீராக வையுங்கள். இரு ஓரமும் சமமாக இருந்தால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இலவச நூல்களை இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் மின்னஞ்சல் மூலமே அனுப்பலாம், வேறு வடிவில் இருந்தால் காலிபர் என்ற இலவச மென்பொருள் மாற்றித் தரும். அவர்களுக்கு முன்பே பிடித்த நாவல் ஒன்றை முதலில் ஏற்றுங்கள். கதை தெரிந்ததாக இருந்தால், பக்கம் திருப்பவும் பின்னால் போகவும் பழகுவது எளிது.