மோட்டார்ஹோமும் மூன்று நகரங்களும்: ஆறு ஆண்டு அனுபவம்

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, வாங்கிய முதல் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்த வாசலில் மாட்டிக்கொண்டேன். தலைக்கு மேல் தொங்கிய கம்பியில் 2.1 மீட்டர் என்று எழுதியிருந்தது. என் வண்டியின் உயரம் 3.05. வளைவைத் தாண்டிய பிறகே கண்ணில் படும்படி அதை மாட்டிய புண்ணியவானை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பின்னால் ஏழு கார்கள், ஏழிலும் ஹாரன். அங்கே நிறுத்தும் கார்களைப் பார்த்துக்கொள்ளும் கார் காவலர்தான் ஒவ்வொரு காரையும் பின்னுக்குப் போகச் சொல்லி, "மெதுவாக அங்கிள், மெதுவாக" என்று கைகாட்டி என்னை மீட்டார். அன்று மாலையே என் மனைவி வண்டியின் உயரத்தையும் நீளத்தையும் பெரிய எண்களில் எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வெயில் மறைப்பில் ஒட்டிவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் இருப்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். 2019இல் பழைய வண்டியாக வாங்கினோம்: ஏழு மீட்டர் நீளம், டீசல், ஆறு கியர். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் அடங்குவதால் சாதாரண கார் உரிமமே போதும். தமிழ்நாட்டு உறவினர்களிடம் கேரவன் வாங்கினேன் என்றால், எந்த நடிகருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். இதுவரை 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்துக்குள் நுழைந்தால்தான் அதன் சுபாவம் மாறிவிடும்.

முதல் தொல்லை வால். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உடல் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் அந்த வால் வலப்பக்கம் வீசும். டர்பன் விக்டோரியா தெருச் சந்தைக்கு அருகே, பக்கத்துத் தடத்தில் நின்ற வேனின் கண்ணாடியை அப்படித்தான் தட்டினேன். மசாலா வாங்கப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பணம் கொடுத்துத் திரும்பினோம். இப்போது திரும்புவதற்கு முன் முன்புறத்தை ஒருமுறையும் எதிர்ப்பக்கக் கண்ணாடியை இரண்டுமுறையும் பார்க்கிறேன்.

இரண்டாவது கிளட்ச். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே என்3 நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. மேட்டில் நின்று நின்று நகர்ந்ததில் 48,000 கிலோமீட்டரில் கிளட்ச் தேய்ந்துபோனது. முன்னால் இடம் கிடைத்தவுடன் ஊர்ந்துபோய் ஒட்டிக்கொள்ளும் என் பழக்கமும் அதற்குக் காரணம். மெக்கானிக் அதை முகத்துக்கு நேராகவே சொன்னார்.

ஜோகன்னஸ்பர்க்கைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அங்கே வழியில் கைகாட்டுபவர்களை ஏற்றிக்கொண்டு ஓடும் மினிபஸ் டாக்ஸிகளைத் திட்டாத கார்க்காரர் கிடையாது. நானும் இரண்டு ஆண்டுகள் திட்டினேன். பிறகு டாக்ஸியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் பயணியைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் ஆள்காட்டி விரலை மேலே உயர்த்தினால் நகர மையத்துக்குப் போக வேண்டும் என்று பொருள். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் இப்படி ஒரு சைகை உண்டு. தூரத்தில் ஒரு விரல் உயர்வதைக் கண்டால், எனக்கு முன்னால் போகும் டாக்ஸி எந்த நொடியும் நிற்கலாம் என்று அப்போதே பிரேக்கில் கால் வைத்துவிடுவேன். மூன்றரை டன் வண்டிக்கு அந்த இரண்டு நொடி பெரிய சொத்து.

ரோபோ வேலை செய்யாத சந்திப்புகள் இன்னொரு கதை. இந்த நாட்டில் போக்குவரத்து விளக்குக்கு ரோபோ என்றுதான் பெயர். அது அணைந்துவிட்டால் நான்கு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சாண்டன் பக்கம் வரிசையாக இப்படிப் பல சந்திப்புகளைக் கடந்தோம். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் காவலர் இல்லாமலே முறை வைத்துப் போனதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் இந்த வண்டி கிளம்பி நகர்வதற்குள் என் முறையை வேறொருவர் எடுத்துக்கொள்வார். தயங்கினால் அங்கேயே பொங்கல் வைக்க வேண்டியதுதான். முறை வந்ததும் சீராக நகர வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது.

இப்போதெல்லாம் ஜோகன்னஸ்பர்க்கின் புறநகரான லெனேஷியாவில் மைத்துனர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அவருடைய சிறிய காரில்தான் ஊருக்குள் போகிறோம். மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கும் அப்படியே.

கேப்டவுனில் காற்றுதான் எதிரி. கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும் நாளில் பக்கவாட்டு அடி ஸ்டீயரிங்கில் தெரியும். வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. டேபிள் மலையில் கேபிள் கார் நிலையத்துக்குப் போகும் டாஃபெல்பெர்க் சாலையில் டிசம்பரில் ஓரமெல்லாம் கார்கள். ஒருமுறை ஏறிப் பார்த்து, நிறுத்த இடமில்லாமல் அப்படியே இறங்கி வந்தோம். மறுநாள் வண்டியை கேரவன் பார்க்கிலேயே விட்டுவிட்டு மைசிட்டி பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் தனக்குக் கிடைத்த ஜன்னல் ஓர இருக்கையைப் பற்றி என் மாமியார் இன்றும் பேசுகிறார். எங்கள் வண்டியின் ஜன்னலைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

வருகிற டிசம்பரில் மறுபடியும் கேப்டவுன். நகரத்துக்கு முன்னால் வரும் சர் லௌரி மலைக் கணவாயிலிருந்து இறங்கினால் சாமர்செட் வெஸ்ட் ஊரில் ரோபோக்கள் காத்திருக்கும். காலை நெரிசல் ஓய்ந்த பிறகு, பத்து மணிக்கு அங்கே போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய இரவை எங்கே கழிப்பது என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை.