பாம்பன் காற்றில் 5 வருடம் ஓடிய டெஸ்க்டாப்: திடீரென்று நின்றால் முதலில் எதைப் பார்ப்பது

பத்தாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே உள்ள பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 600 விஏ யுபிஎஸ். சாதாரண அசெம்பிள் மெஷின்தான். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு ஆறடி தள்ளி, 5 வருடமாக ஓடுகிறது. இத்தனை நாளில் உள்ளே எந்தப் பாகமும் எரியவில்லை. ஆனால் ப்ளூ ஸ்கிரீன், தானாக ரீஸ்டார்ட், ஆன் ஆகாமல் வெறும் பீப் சத்தம் எல்லாமே வந்து போயின. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே கம்ப்யூட்டர் இருந்தாலும் இதை எதிர்பார்க்கலாம். பாகம் நன்றாக இருக்கும். பாகமும் பாகமும் தொடுகிற இடம் கெட்டிருக்கும். அது தெரியாமல் நல்ல ராமையும் நல்ல போர்டையும் தூக்கிப் போடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்க்கும். கடல் உப்பில் கூடவே மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீதமே போதும். நம் கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே ராமின் கால்களில் (ஸ்லாட்டுக்குள் போய்த் தொடும் தங்கநிறப் பட்டைகளில்) படிந்த உப்புத் தூசு முழுசாகக் காய்வதே இல்லை. அந்தக் கால்களின் தங்க முலாம் மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கி, அடியில் உள்ள நிக்கலையும் செம்பையும் பிடித்துக் களிம்பேற்றும். இருநூற்றுச் சொச்சம் கால்களில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் விண்டோஸ் விழலாம். கேபினெட்டைத் திறக்காமலே இதை ஊகிக்கலாம்: பின்பக்க யுஎஸ்பி தகடும் திருகுகளும் துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் உப்பு போயிருக்கிறது.

கழற்றுவதற்கு முன்னால், எந்த நேரத்தில் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கருவி எதுவும் இல்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய துப்பு அதுதான். காலையில் முதல் தடவை போடும்போது விழுந்து, பத்து நிமிடம் சூடேறியபின் ஒழுங்காக ஓடினால், தொடுமுனையில் ஈரம் என்று சந்தேகப்படுங்கள். வாடைக்காற்று நாட்களில் இது கூடும். நேர்மாறாக, அரை மணி நேரம் கனமான வேலை செய்தபின் நின்றால் சூடு அல்லது எஸ்எம்பிஎஸ். கரண்ட் போகிற அந்த நொடியில் நின்றால் யுபிஎஸ் பேட்டரி. எப்போதும் ஒரே ட்ரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) பெயரைக் காட்டி விழுந்தால் முதலில் அந்த ட்ரைவரை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோடு (நீலத்திரையில் வரும் பிழைக் குறியீடு) வந்தால் ராம் பக்கம் திரும்புங்கள்.

ஸ்டாப் கோடைப் படிக்க நேரம் கிடைக்க வேண்டுமே. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரி போய், ஆட்டோமேட்டிக்காக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருப்பதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அந்த 41 எதுவும் சொல்வதில்லை. அதன் விவரத்தில் பக்செக் கோடு (ஸ்டாப் கோடின் எண்) பூஜ்யமாக இருந்தால் மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது மெஷின் உறைந்து போயிருக்கலாம். வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது.

ராமுக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 5 நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ராமை ஓரத்தில் பிடித்து எடுங்கள். தங்கக் கால்களில் விரல் பட்டால் வியர்வையின் உப்பும் சேர்ந்துகொள்ளும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மூக்குக்கண்ணாடி துடைக்கிற மாதிரியான, நூல் பிரியாத துணியில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது வேண்டாம். ஸ்லாட்டை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காய்ந்த ராமை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் ஸ்லாட்டின் கம்பிகளும் உரசிச் சுத்தமாகும்.

பென்சில் ரப்பரால் தேய்ப்பது இங்கே எல்லாக் கடையிலும் நடக்கிறது. அன்றைக்கு வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் களிம்போடு தங்க முலாமும் கரைகிறது. அடுத்த மழைக்காலத்தில் களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும். வேறு வழியே இல்லாதபோது ஒரு முறை செய்யலாம், பழக்கமாக்கக் கூடாது. துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ராம் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதில் தூசு ஒட்டிப் பசையாகிவிடும்.

துடைத்தபின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவில் போட்டு, இரவில் 4 சுற்றும் முழுசாக ஓடவிடுங்கள். எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால், போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். பிழை வந்தால் ராமை ஒவ்வொன்றாக அதே ஸ்லாட்டில் சோதியுங்கள், பிறகு நல்ல ராமை மற்ற ஸ்லாட்டில் போடுங்கள். பிழை ராமோடு நகர்ந்தால் ராம் பழுது. ஸ்லாட்டிலேயே தங்கினால் ஸ்லாட் அல்லது போர்டு. மத்தியானம் ஏசி அறையில் பாஸ் ஆனதை மட்டும் நம்ப வேண்டாம். இரவெல்லாம் அணைத்து வைத்து, ஈரக் காற்றுள்ள விடியற்காலையில் இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளுக்கும் இதே நோய்தான். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற சிஆர்சி எண்ணிக்கை (கேபிள் வழியே தகவல் போகும்போது வரும் பிழைகள்) வாரத்துக்கு வாரம் ஏறினால், டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றுங்கள். பழைய எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது. டிஸ்க்கின் கெட்ட பகுதிகளையும் சந்தேகத்துக்குரிய பகுதிகளையும் எண்ணும் 05, சி5 ஆகியவை ஏறினால்தான் டிஸ்க்கே போகிறது என்று பொருள். அன்றே பேக்கப் எடுங்கள்.

மின்சாரப் பக்கம். முழு லோடில் எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி செகண்டுதான். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண மோடில் பேட்டரிக்கு மாற அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி 2 முதல் 3 வருடம் வரும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர்களை மல்டிமீட்டரில் அளக்கும்போது மெஷின் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்: மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, அதன் பிளக்கில் கம்பியை வளைத்துச் செருகி ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கிற சோதனை, லோடில் வோல்டேஜ் விழுவதைக் காட்டாது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை, அல்லது சரியில்லை. நம் மணல் தரையில் மேல்மண் சீக்கிரம் உலர்ந்துவிடும், ஈரம் இருக்கும் ஆழத்தில் எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைத் துரு தின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கம்ப்யூட்டர் கடைக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்பும் தூசும் சேர்ந்து ஹீட்சிங்கில் கட்டியாக இறுகும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுங்கள்.

சும்மா கிடக்கிற மெஷினுக்குத்தான் சேதம் அதிகம். ஓடும்போது வரும் இளஞ்சூடு உள்ளே ஈரத்தைத் தங்கவிடாது. வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்த போர்டில் கடல் காற்று பனித்துவிடும். முதலில் மெஷினை ஆஃப் செய்யாமல் அறையைச் சூடேறவிடுங்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை துடைத்தால் போதும். 100 மில்லி ஆல்கஹால் இரண்டுக்கும் தாராளம்.

இன்னொன்று, சோதித்துப் பார்ப்பதற்கென்று நல்ல ராம் ஒன்றும் புதிய சாட்டா கேபிள் ஒன்றும் கையில் இருக்கட்டும். ராமை ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். மேசை டிராயரில் போட்டு வைத்த ராம், தேவைப்படும் நாளில் அதுவும் களிம்பேறித்தான் இருக்கும்.