காவிரி: பேச்சுவார்த்தையா, சட்டவழியா?

காவிரியில் நீர் குறையும் ஆண்டுகளில், கர்நாடகமும் தமிழ்நாடும் அமர்ந்து பேச வேண்டுமா, சட்டத்தையே நம்ப வேண்டுமா என்ற கேள்வி மீண்டும் எழுகிறது.

காலம்
பேச்சு: மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட 1924 காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு 1974இல் முடிந்தபின் பல சுற்றுகள் பேசியும் உடன்பாடு பிறக்கவில்லை.
சட்டம்: காவிரி நீர்ப் பங்கீட்டை விசாரிக்க 1990இல் அமைந்த தீர்ப்பாயம் 2007இல்தான் இறுதித் தீர்ப்பு வழங்கியது.

உறுதி
பேச்சு: ஆட்சியும் தேர்தலும் மாறும்போது வாக்கும் மாறக்கூடும்.
சட்டம்: இரு மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்று தீர்ப்பாயம் வரையறுத்ததை 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. அது வருத்தத்துக்குரியது என்றாலும், உரிமையோடு கேட்பதற்கு ஓர் அளவும், கண்காணிக்கக் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் இருப்பது டெல்டா உழவர்களுக்குப் பெரும் பலம்.

மக்கள் உறவு
சட்டம்: 1991இல் இடைக்கால உத்தரவை ஒட்டிக் கர்நாடகத் தமிழர்கள் தாக்கப்பட்டனர், 2016இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் பெங்களூருவில் பேருந்துகள் எரிந்தன. எந்த உத்தரவும் இந்த இழப்பை ஈடுசெய்யாது.
பேச்சு: 2003இல் உருவான ‘காவிரிக் குடும்பம்’ என்ற உழவர் குழுவின் வழியே இரு மாநில உழவர்கள் ஒருவர் வயலை மற்றவர் நேரில் கண்டனர். அவர்களுக்கு மதகைத் திறக்கும் அதிகாரம் இல்லை. ஆயினும் எதிர்க்கரையின் வறட்சியை அறிந்தனர்.

ஆண்டுப் பங்கை உறுதிசெய்யச் சட்டவழியே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்ளத் தீர்ப்பு சொல்கிறது. அந்தக் குறைந்த நீரை எந்த வாரம், எந்தப் பயிருக்காக விடுவது என்பதை மட்டும் இருபுறத்து உழவர்களையும் அமர்த்திப் பேசி முடிவுசெய்வதே பொருந்தும்.